வீட்டை வரைந்து பார்!

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டை வரைந்து பார் என்று ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை போலும். கொத்தனார் வருவார், தெருவில் மற்ற வீடுகள் எப்படியோ அப்படியே இதுவும் எழும்பும். பிழைப்பைத் தேடி வடக்கே வந்துவிட்ட நம் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை.

என் தந்தையார் போபாலில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவர். அத்தனை ஆண்டும் குவார்ட்டர்ஸ் வாசம். ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த பூர்வீக வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து, பிறகு விலைக்கும் போய்விட்டது. ஆகவே போபாலிலேயே 30 அடி அகலமும் 50 அடி நீளமும் உள்ள ஒரு மனையை வாங்கினார். குளிர்கால விடுமுறைக்கு நான் போயிருந்தபோது ஒரு கிராஃப் நோட்டை என் முன்னால் வைத்து, “பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறாய். ஒரு வீடு வரையத் தெரியாதாம்மா?” என்றார்.

பெட்டிக்குள் அடைபட்ட துகளைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறேன். பெட்டிக்குள் அடைபடப் போகும் ஐந்து மனிதர்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. கடைசியில் கையெழுத்திட்டு நகராட்சியில் கொடுப்பதற்குப் பொறியாளர் ஒருவர் வேண்டும்தான். ஆனால் நமக்கு என்ன வேண்டும் என்பதை அவரா சொல்ல முடியும்? நம் சங்கத்து நண்பர்களில் பலர் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். இன்றோ நாளையோ இந்த நோட்டு உங்கள் முன்னாலும் வந்து சேரும். ஆகையால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. 1,500 சதுர அடி மனை என்றால் 1,500 சதுர அடியிலும் வாழலாம் என்று எண்ணிவிடக் கூடாது. விதிப்படி முன்னால் 10 அடி, பின்னால் 5 அடி, ஒரு பக்கம் 4 அடி விட்ட பிறகு எங்களுக்கு எஞ்சியது 26 அடிக்கு 35 அடி. அதாவது 910 சதுர அடி. வெளிச்சுவர் ஒன்பது அங்குலக் கனம். நான்கு புறமும் அதைக் கழித்தால் உள்ளே கிடைப்பது இருபத்து நாலரை அடிக்கு முப்பத்து மூன்றரை அடி. சுவர் மட்டும் ஏறத்தாழ 89 சதுர அடியை விழுங்கிவிட்டது. அது ஓர் அறையின் அளவு! உட்சுவர்கள் வேறு இருக்கின்றன. காகிதத்தில் பென்சில் கோட்டுக்குக் கனம் இல்லாததால் வரும் ஏமாற்றம் இது. அதனால்தான் நான் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டு, சுவரை ஒற்றைக் கோடாக வரையாமல் கனத்தோடு இரட்டைக் கோடாக வரைந்தேன். கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி, ஸ்கூட்டர் ஆகியவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டேன். கணிப்பொறியில் வரைய எத்தனையோ வசதிகள் வந்துவிட்டன. ஆயினும் அந்த அட்டைத் துண்டுகளை என் அப்பாயி தன் விரலால் நகர்த்திப் பார்த்தாளே, அந்தச் சுகம் கணிப்பொறியில் கிடைக்காது.

தந்தையார் ஏற்கெனவே தம் கையால் ஒரு படம் போட்டு வைத்திருந்தார். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அது போபால் வீடு அன்று. அவர் பிறந்த வீடு. திண்ணை, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் 910 சதுர அடிக்குள் திணித்ததில் முற்றம் நாலடிக்கு நாலடி ஆகியிருந்தது. தாழ்வாரத்தில் ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். நான் சிரிக்கவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு மனிதர் மனத்துக்குள் வைத்திருந்த வீடு அது. ஆனால் அதை அப்படியே இங்கே நட முடியாது என்பதற்கு இடநெருக்கடி மட்டும் காரணம் அன்று. கும்பகோணத்துச் சூரியனும் போபால் சூரியனும் ஒரே பாதையில் நடப்பதில்லை.

கும்பகோணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. போபால் 23¼ பாகை. கடகரேகை போபாலுக்குச் சற்று வடக்கே, விதிஷா போகும் சாலையைக் கடக்கிறது. அந்த இடத்தில் கோடு போட்டுப் பலகையும் வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். அங்கே கோடையில் வடக்குச் சுவருக்கும் உச்சி வெயில் உண்டு. அதனால்தான் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரையை எல்லாப் பக்கமும் தாழ இறக்கினார்கள் போலும். போபாலிலோ கோடை நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்கு அப்பால் சொல்லும்படியாகப் போகாது. மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்து 43 பாகை உயரத்துக்கு வந்துவிடும். தில்லியில் இன்னும் தாழ்ந்து 38 பாகை. நம் விடுதியில் தெற்குப் பார்த்த அறைக்காரர்கள் டிசம்பரில் கட்டிலில் படுத்தபடியே வெயில் காய்வதும், வடக்குப் பார்த்தவர்கள் போர்வையோடு வராந்தாவில் அலைவதும் இதனால்தான்.

இப்போது எங்கள் மனையைப் பற்றிய ஓர் இரகசியத்தைச் சொல்ல வேண்டும். அது தெற்குப் பார்த்த மனை. யமன் திசை என்று இரண்டு பேர் வேண்டாம் என்று விட்டுப் போனதால் சற்றுக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. வாங்கிய பிறகு உறவினர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் துக்கம் விசாரித்தார்கள். தந்தையாரும் உள்ளூரக் கலங்கித்தான் இருந்தார். நான் ஜியோமிதிப் பெட்டியை எடுத்து ஒரு முக்கோணம் வரைந்து காட்டினேன். தெற்குச் சுவரில் நாலடி உயர ஜன்னல். அதன் தலையில் இரண்டடி நீட்டிய சன்ஷேடு. கோடை நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்பதால் ஜன்னல் முழுவதும் நிழல். மார்கழி நண்பகலில் அதே சன்ஷேடின் நிழல் ஏறத்தாழ 1.9 அடிதான் இறங்கும். ஜன்னலின் கீழ்ப்பாதி வழியாக வெயில் அறைக்குள் வரும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டியும், டிசம்பர் இரவுகளில் 10 டிகிரி அளவுக்கு இறங்கியும் போகும் ஊரில், வேண்டியபோது வெயிலையும் வேண்டாதபோது நிழலையும் ஒரு காசு மின்சாரம் இல்லாமல் தரக்கூடிய திசை இது ஒன்றுதான். முன்னால் சாலை இருப்பதால் எவரும் சுவர் எழுப்பி இதை மறைக்கவும் முடியாது.

தந்தையாரின் திண்ணை இதனால் பிழைத்தது. வீட்டின் தெற்கு முகப்பில் ஐந்தடி அகலத் திண்ணை. ஒன்பதடி உயரத்தில் கூரை. மார்கழி நண்பகலில் கூரையின் நிழல் 4.7 அடி இறங்கி நின்றுவிடும். அதற்குக் கீழே சுவரோரம் உட்கார்ந்திருப்பவர் தலைமுதல் கால்வரை வெயிலில் இருப்பார். ஆனி மாதத்தில் அதே இடம் நண்பகலில் நிழல். முழங்கால் வலிக்காரியான அப்பாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

தெற்கு நமக்கு நண்பன் என்றால் மேற்கு பகைவன். சன்ஷேடு அங்கே பயன்படாது. கோடையில் மாலை ஐந்து மணிக்கு மேல் சூரியன் இருபது பாகை உயரத்துக்கு இறங்கிச் சுவரை ஏறக்குறைய நேருக்கு நேர் பார்க்கும். இரண்டடி சன்ஷேடு அப்போது முக்கால் அடிக்குத்தான் நிழல் தரும். ஜன்னலே வைக்காவிட்டால் தப்பிவிடலாமா? அதுவும் இல்லை. இதைத்தான் நான் வகுப்பில் சமன்பாடாகப் படித்து, வீட்டில் அப்பாயியின் உடம்பில் புரிந்துகொண்டேன்.

செங்கல்லில் வெப்பம் மெல்ல ஊர்ந்து செல்கிறது. ஒன்பது அங்குலச் சுவரின் வெளிப்புறத்தில் ஏறிய சூட்டின் உச்சம் உட்புறத்துக்கு வந்து சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும். பிற்பகல் நான்கு மணிக்குக் கொதிக்கும் மேற்குச் சுவர், இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அறைக்குள் சூட்டை விடுகிறது. குவார்ட்டர்ஸில் அப்பாயியின் கட்டில் மேற்குச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. “ராத்திரி ஆனா இந்தச் சுவத்துக்குக் காய்ச்சல் வந்துடுது” என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயதானவர் பேச்சு என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. வெப்பக் கடத்தலில் நான் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவள். கட்டிலை நகர்த்திப் போட எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே புதிய வீட்டில் மேற்கோரம் ஏழடி அகலத்துக்கு ஒரு பட்டையை மனிதர் தூங்காத இடங்களுக்கென்று ஒதுக்கினேன். மாடிப்படி, குளியலறை, கழிப்பறை, சாமான் அறை எல்லாம் அங்கே வரிசையாக நின்று வெயிலை வாங்கிக்கொள்ளும். படுக்கை அறைகளுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையில் அவை ஒரு மெத்தை. தண்ணீர் புழங்கும் இடங்கள் ஒன்றாக இருப்பதில் குழாய்ச் செலவும் குறைகிறது. கழிவுநீர்க் குழாய் நாற்பது அடிக்கு ஓரடி தாழ வேண்டும் என்பார்கள். வீட்டின் நான்கு மூலைக்கும் குழாய் ஓடினால் அந்தத் தாழ்வைப் பிடிப்பதே பெரும்பாடு. மழைக்கும் இது பொருந்தி வந்தது. கும்பகோணத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது, போபாலுக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வருகிறது. ஜன்னல் இல்லாத மேற்குச் சுவருக்குச் சாரல் பயமில்லை.

முற்றத்தை விட்டுவிட்டோம் என்று தந்தையாருக்கு வருத்தம். முற்றம் என்ன செய்தது என்று கேட்டுப் பார்த்தேன். நடு வீட்டுக்கு வெளிச்சம் தந்தது. சூடான காற்று மேலே போக வழிவிட்டது. இரண்டையும் மாடிப்படிக் கூண்டு செய்யும். கூண்டின் உச்சியில் வடக்கே ஒரு ஜன்னல் வைத்தால், பகலில் லூ வீசும்போது எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, இரவில் கீழ் ஜன்னல்களையும் இந்த மேல் ஜன்னலையும் திறந்தால் போதும். சூட்டுக் காற்று படியேறி வெளியே போய்விடும். குளிர்ந்த காற்று கீழே நுழையும்.

மாடிப்படி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு வரைகிறவர்கள் அனைவரும் படிக்குக் குறைவாகவே இடம் விடுகிறார்கள். தந்தையாரின் படத்தில் படி பத்தடி நீளமுள்ள ஒரே ஏற்றம். தளத்திலிருந்து தளத்துக்குப் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். பத்தடி நீளத்தில் பத்து அங்குல மிதிகள் பன்னிரண்டுதான் வரும். ஏற வேண்டிய உயரங்கள் பதின்மூன்று. 126-ஐப் பதின்மூன்றால் வகுத்துப் பாருங்கள்; ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 9.7 அங்குலம்! தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிக்கும் உச்ச உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். ஏழு அங்குலமாக வைத்தால் பதினெட்டுப் படி. ஒன்பதும் ஒன்பதுமாக மடக்கி, நடுவில் மூன்றடி மேடை விட்டால் ஆறரைக்குப் பத்தடி இடம் வேண்டும். ஒரு சின்ன அறை போயிற்றே என்றார் தந்தையார். போகத்தான் வேண்டும்.

சமையலறைக்கு வருவோம். 1926-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலில் உணவு வண்டியின் சமையற்கட்டை முன்மாதிரியாகக் கொண்டு, சமைப்பவர் நடக்கும் நடையைக் கடிகாரம் வைத்து அளந்து அமைத்தது அது. அது போன்றவை சுமார் 10,000 வீடுகளில் அமைந்தன. நானும் அளந்து பார்க்க நினைத்தேன். கடிகாரத்துக்குப் பதில் புளியங்கொட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, அம்மா அடுப்புக்கும் குழாய்க்கும் இடையே ஒரு தடவை நடந்தால் டம்ளரில் ஒரு கொட்டை. “என்னடி இது, பல்லாங்குழியா?” என்றாள். ஒன்பது மணிக்கு எண்ணினால் 74 கொட்டைகள். குவார்ட்டர்ஸில் அடுப்புக்கும் குழாய்க்கும் ஒன்பது அடி. ஆக 666 அடி. புதிய வீட்டில் அந்த இடைவெளியை நாலடியாக்கினால் 296 அடி. காலைப் பொழுதில் மட்டும் ஆண்டுக்கு 41 கிலோமீட்டர் மிச்சம். போபாலிலிருந்து சாஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால் வரை! முப்பது வருஷமாக அம்மா ஆண்டுக்கொரு முறை சாஞ்சிப் பாதையில் வீணாக நடந்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

மேடையின் உயரமும் அப்படித்தான். முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே இருப்பது நல்லது என்பார்கள். அம்மா ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. குவார்ட்டர்ஸ் மேடை யாரோ ஆறடி ஓவர்சியருக்கு அளவெடுத்தது. சமையலறை அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். தெற்குப் பார்த்த மனையில் அந்த மூலை தெருவில் வந்து நிற்கும். அப்பாயி மூலையை வற்புறுத்தவில்லை. கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்றாள். வடகிழக்கில் சமையலறை, கிழக்குச் சுவரில் ஜன்னல், அதன் கீழே அடுப்பு. காலை வெளிச்சமும் கிடைத்தது, அப்பாயியும் திருப்தி.

இதுவரை எல்லாம் கணக்கில் அடங்கியது. அடங்காதது மாடியில் வந்தது.

கீழே திண்ணை, கூடம், சமையலறை, அப்பாயிக்கு ஒன்பதுக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. பக்கத்திலேயே குளியலறை, வாசற்படி இல்லாமல் சமதளமாக, கதவு மூன்றடி அகலம். மாடியில் மூன்று அறைகள். தந்தையாரின் படத்தில் அவற்றின் மேல் இப்படி எழுதியிருந்தது: ‘நாங்கள்’, ‘தம்பி’, ‘விருந்தினர்’. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு அறைகளைத்தான் இப்போது கட்ட முடியும். விருந்தினர் அறைக்குக் கம்பி மட்டும் விட்டுவைத்துப் பின்னால் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. நான் சுத்தமாகப் பிரதி எடுக்கும்போது முதலிரண்டு பெயர்களையும் எழுதிவிட்டேன். மூன்றாவதை எழுதும்போது பென்சில் நின்றது. “என் அறை எது அப்பா?” என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், மிக அன்பாக, “நீ வந்தால் தங்கத்தானம்மா விருந்தினர் அறை” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத முடியவில்லை. அவர் சொன்னதில் வஞ்சனை இல்லை. பெண் வேறு வீட்டுக்குப் போகிறவள் என்ற ஒரு கணக்கு அவருக்குள் எப்போதோ போட்டு முடிந்துவிட்டது. அதற்கு விடைதான் அந்தப் படம். அப்போதைக்கு நான் ‘விருந்தினர்’ என்று என் கையெழுத்திலேயே எழுதி வைத்தேன்.

இரவு படுத்துக்கொண்டு அவருடைய பழைய வீட்டை நினைத்துப் பார்த்தேன். நடை, கூடம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, குதிர் அறை. ஓர் இடத்துக்காவது ஆள் பெயர் உண்டா? கிடையாது. மழைக்காலத்தில் ஓரிடம், வெயில் காலத்தில் ஓரிடம். பிள்ளை பெற வந்த மகளுக்கு ஒரு வருஷம் ஓரிடம், பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு அடுத்த வருஷம் அதே இடம் என்று அந்த வீடு புழங்கியிருக்கிறது. அறைக்கு ஆள் பெயர் வைக்கும் வழக்கத்தை அது அறியாது. வீடு அறுபது, எழுபது ஆண்டுகள் நிற்கும். அதில் எவருடைய ஏற்பாடு பத்து ஆண்டுகள் மாறாமல் நிற்கிறது? மறுநாள் காலையில் இதைத் தந்தையாரிடம் சொல்ல வேண்டும் என்று வாக்கியங்களை அடுக்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குள் தம்பி முந்திவிட்டான். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். காப்பி குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தவன், “அடுத்த வருஷம் நானும் விடுதிக்குப் போய்விடுவேனே. அப்போது இந்த அறைக்கு யார் பெயர் வைப்பீர்கள்?” என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து ‘தம்பி’யை அழித்தான்; ‘விருந்தினர்’ என்பதையும் அழித்தான். இரண்டு இடத்திலும் ‘10 × 11’ என்று எழுதினான். அவன் கையெழுத்து கோணல். ஆனாலும் நான் திருத்தவில்லை. தந்தையார் செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நாங்கள்’ என்பதை அவரே அழித்தாரா, அம்மா அழித்தாளா என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் பார்த்தபோது அதுவும் இல்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரும் மனைக்குப் போனோம். ஆறு ரூபாய்ப் பென்சிலால் செய்த தவற்றை அழிக்கலாம். செங்கல்லால் செய்ததை அழிக்க முடியாது. ஆதலால் அஸ்திவாரம் தோண்டுமுன் படத்தை முழு அளவில் மண்ணில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு நூல் கயிறு, நான்கு முளைகள், சுண்ணாம்புப் பொடி போதும். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தோம். ஒன்று நினைவிருக்கட்டும்: திறந்த வெளியில் கோடு போட்டுப் பார்த்தால் எந்த அறையும் பொம்மை வீடு போலத்தான் தெரியும், பயந்துவிடக் கூடாது. அம்மா சமையலறைக் கோட்டுக்குள் நின்று இல்லாத அடுப்புக்கும் இல்லாத குழாய்க்கும் நடந்து பார்த்தாள். தம்பி ஸ்கூட்டரை உருட்டி வந்து நிறுத்தினான். சாமான் அறைக் கதவு திறந்தால் படியில் இடிக்கும் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தோம்.

போபாலில் சூரியன் உச்சம் பன்னிரண்டு இருபதுக்கு. திண்ணைக் கோட்டுக்குள் நாற்காலி போட்டு அப்பாயியை உட்கார வைத்தோம். கூரை இன்னும் இல்லாததால் வெயில் வருமா என்ற சோதனைக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் கால்களை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். தந்தையார் சுண்ணாம்புக் கையோடு ஒவ்வோர் அறையாக நின்று பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, “அந்தப் பத்துக்குப் பதினொன்று எங்கேயம்மா வருகிறது?” என்று கேட்டார்.

நான் மேலே கையைக் காட்டினேன். கூடத்துக்கு நேர் மேலே, தெற்கு ஜன்னலோடு, வெறும் ஆகாயம் இருந்தது. அவர் வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு அந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார்.